மாப்பிள்ளை சொன்ன சரி

சேமியாக்கா ஆட்டோவை விட்டு இறங்கியதும் முதலில் கண்ணில் பட்டது வெளிச்சம். தெருவில் நின்று பார்த்தால் எப்போதும் நிழலாகத் தெரிகிற அவள் வீட்டு முற்றத்தின் ஓரத்தில் வெயில் பளீரென்று அடித்தது. ஒரு கணம் நல்லதாகத்தான் தோன்றியது. அப்புறம்தான் புத்தியில் உறைத்தது. அங்கே ஒரு சுவர் இருந்திருக்க வேண்டும்.

அவள் அப்பா கட்டிய சுவர் அது. பக்கத்து வீட்டையும் அவர்கள் முற்றத்தையும் பிரித்து நின்றது. இப்போது அது போன இடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டையே இடித்துத் தரைமட்டமாக்கியிருந்தார்கள். அந்த இடத்தில் புதுக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் நாலு தூண்கள், தலையில் கம்பி சிலிர்த்துக்கொண்டு, வரிசையாக அவள் முற்றத்துக்குள் நின்றன. தூண்களுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் அவள் புருஷன், கையில் தேநீரோடு.

"வந்துட்டீங்களா" என்றார் அவர். "பஸ்ல கூட்டமா?"

வீட்டோடு வந்த மாப்பிள்ளை அவர். மாமனார் 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டார். பட்டறை ஆட்கள் கூப்பிட்டார்கள். பிறகு தெரு முழுக்கக் கூப்பிட்டது. மாமனார் செத்து, இவர் தலை நரைத்து, மகளுக்கே கல்யாண வயது தாண்டிய பிறகும் மாப்பிள்ளைதான். பால் ஊற்ற வருகிறவன்கூட 'மாப்பிள்ளை, பாத்திரம்' என்பான். மிடுக்கான பேர்தான், ஆனால் அந்தத் தெருவில் அதற்கு அர்த்தம் வேலை இல்லாதவர் என்பது.

பட்டறை என்றால் சேமியாப் பட்டறை. மாவு பிசைய ஒரு மெஷின், இழை பிழிய ஒரு மெஷின், பிழிந்ததைக் காயப்போட முற்றம் நிறையக் கம்புகள். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளையை மாவு பிசைய விட்டார்கள், தண்ணீர் கூடிப்போனது. கம்பு தூக்க விட்டார்கள், இழை அறுந்தது. கடைகளுக்குச் சரக்குப் போட அனுப்பினார்கள். கடைக்காரன் என்ன விலை சொன்னானோ அதற்குத் தலையாட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அவரை யாரும் எதற்கும் விடவில்லை. அவரும் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிட்டார், முழங்கால் வலிக்கிறது என்றார், பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரரிடம் போய் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்.

"சுவர் எங்க?" என்றாள் சேமியாக்கா.

"இடிச்சாச்சு. ரொம்பப் பழசு அது. சாஞ்சிருக்குன்னு இன்ஜினியர் சொன்னாரு."

"யாரு இன்ஜினியர்?"

"சாரோட இன்ஜினியர்." சார் என்றால் மருந்துக்கடைக்காரர்.

"தூண் நம்ம இடத்துல நிக்குது."

"ஒன்றரை அடிதான். அவங்களுக்கு மாடிப்படி வைக்க இடம் பத்தலையாம். சார் எங்கிட்ட வந்து கேட்டாரு. நான் சரின்னுட்டேன்."

மழை வந்தது, துணியை எடுத்து உள்ளே வைத்தேன் என்பதுபோலச் சொன்னார். பெட்டியோடு பின்னால் வந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். சேமியாக்காவின் தங்கைக்கு வயிற்றில் ஆபரேஷன். பார்த்துக்கொள்ள அம்மாவும் மகளுமாகப் போயிருந்தார்கள். மழை மாதத்தில் பட்டறை எப்படியும் மூடித்தான் கிடக்கும் என்று தைரியமாகப் போனார்கள். போன இடத்தில் ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது.

"அப்பா, நாம தினமும் போன்ல பேசினோமே. ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள் மகள்.

"வந்து பாத்துக்கப் போறீங்க. அதுக்குள்ள என்னத்துக்குச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

சேமியாக்காவுக்குக் கத்த வராது. கோபம் வந்தால் குரல் இறங்கும். "உங்ககிட்ட வந்து கேட்டாரு" என்றாள். "இந்தத் தெருவுல இத்தனை பேர் இருக்க, உங்ககிட்ட வந்து கேட்டாரு. எந்திரிங்க. அந்த நாற்காலி யாருதோ அவங்ககிட்ட குடுத்துட்டு வாங்க."

மாப்பிள்ளை எழுந்தார். தேநீரைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

*

மருந்துக்கடைக்காரர் யாரிடமும் முகம் கோணி ஒரு வார்த்தை பேசியதில்லை. வெள்ளைச் சட்டை, வாயெல்லாம் பல். குழந்தைக்குக் காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு ஓடினால் மூடிய கடையையும் திறந்து மருந்து கொடுப்பார். அப்படிக் கொடுத்ததைத் தெரு மறந்துவிடாமலும் பார்த்துக்கொள்வார். சேமியாக்கா தங்கை வீட்டுக்குக் கிளம்பிய அன்று அவர்தான் வலி மாத்திரை, பஞ்சு, கட்டுத்துணி எல்லாம் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். 'எப்பம்மா திரும்புவீங்க?' என்று எவ்வளவு அக்கறையாகக் கேட்டார். அந்த அக்கறைக்குள் இருந்த கணக்கு இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

அவள் போனபோது கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள்.

"வாங்கம்மா, வாங்க. தங்கச்சி எப்படி இருக்காங்க? தையல் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சு. சுவரை யார் பிரிச்சது?"

அவர் சிரிப்பு கொஞ்சம்கூடக் குறையவில்லை. "அதுவாம்மா, சார் சொல்லலையா? உங்க வீட்டு சார்கிட்ட முறைப்படி வந்து கேட்டேன். அவர் சரின்னு சொன்ன பிறகுதான் கை வச்சேன். வீட்டு ஆம்பளை வார்த்தை இருக்கே, அதுக்கு மேல என்ன இருக்கு?"

"இடம் என் பேர்ல இருக்கு. அப்பா எனக்கு எழுதி வச்சது. உங்களுக்குத் தெரியும்."

"சட்டம் பேசறீங்களேம்மா. நாமெல்லாம் அக்கம்பக்கம். சரி, உங்க மனசு கஷ்டப்பட வேணாம். அந்த ஒன்றரை அடிக்கு நீங்களே ஒரு விலை சொல்லுங்க. பேரம் பேசாம குடுத்துடறேன்."

"உங்க கடைக்குள்ள வந்து ஒரு மாத்திரையை நானே எடுத்து முழுங்கிட்டு, இப்ப விலை சொல்லுங்கன்னா சிரிப்பீங்களா?"

நின்றிருந்தவர்களில் ஒருவன் இருமினான். மருந்துக்கடைக்காரர் அவன் பக்கம் திரும்பி, "உனக்கு என்னப்பா, சளியா?" என்றார் இதமாக.

*

வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அவர் ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். எல்லாம் கேட்டுவிட்டு விரலைத் துடைத்துக்கொண்டார்.

"முதல்ல ஒண்ணு சொல்லுங்க. இடிச்சே ஆகணுமா, நல்ல தொகை வந்தா போதுமா? பாதிப் பேரு தொகைக்குத்தான் வர்றாங்க. ஆனா வந்து உக்காந்ததும் மானம் மரியாதைன்னு பேசறாங்க."

"இடிக்கணும்" என்றாள் சேமியாக்கா.

"ஒன்றரை அடிக்கா?"

"ஒன்றரை அடி தூணுக்கு. தூணுக்கு மேல தளம் வரும். அது இன்னும் ரெண்டடி நீட்டிக்கிட்டு நிக்கும், இப்பவே பலகை அடிச்சிருக்காங்க. அதுக்கு மேல ரெண்டு மாடி. காலை வெயில் மொத்தமும் அந்தப் பக்கத்துலேருந்துதான் வருது. பிழிஞ்ச இழை மதியத்துக்குள்ள காயணும். காயலைன்னா புளிச்ச வாடை வந்துடும். என்ன விலை குடுத்தாலும் வெயிலை எங்க போய் வாங்கறது?"

வக்கீலம்மா தலையாட்டினார். இந்த அம்மாளுக்கு என்ன வேண்டுமென்று இவளுக்கே தெரிந்திருக்கிறதே என்ற நிம்மதி அந்த ஆட்டத்தில் இருந்தது.

"அப்ப கேளுங்க. பேசித் தீர்க்கறதுன்னு ஒரு வழி இருக்கு. அதை நீங்க கடையிலயே முடிச்சுட்டீங்க. நகராட்சிக்கு ஒரு மனு குடுங்க. அனுமதி வாங்கின வரைபடப்படி கட்டறாரான்னு வந்து பாப்பாங்க, இல்லைன்னா நிறுத்தச் சொல்லலாம். ஆனா இடம் யாரோடதுன்னு அவங்க சொல்ல மாட்டாங்க. அது கோர்ட்டு சொல்லணும். நான் இன்னைக்கே அவருக்கு நோட்டீஸ் அனுப்பறேன், கூடவே கேஸும் போட்டுடலாம். முதல்ல, இருக்கறது இருக்கறபடி நிக்கணும்னு தடை. அப்புறம் சர்வேயர் வந்து அளப்பாரு. கடைசில, கட்டினதை எடுக்கச் சொல்லி உத்தரவு."

"போலீஸ்?"

"போனா போகலாம். 'இது சிவில் விவகாரம்மா'ன்னு சொல்லி டீ குடுத்து அனுப்புவாங்க. தளம் போட்டாச்சா?"

"கம்பி கட்டறாங்க."

"அப்ப சாப்பிட்டது போதும்" என்று வக்கீலம்மா டப்பாவை மூடினார். "தளம் போட்டுட்டா ஜட்ஜுக்கும் கை நடுங்கும். இவ்வளவு செலவழிச்சுக் கட்டிட்டாரே, இடிக்கச் சொல்றதான்னு யோசிப்பாரு. பணமா வாங்கிக்கங்கன்னு முடிச்சுடுவாரு. இன்னொண்ணும் இருக்கு. உங்க வீட்டுக்காரர் சரின்னு சொன்னதா அவங்க சொல்றாங்களே."

"சொன்னாரு. அது பொய் இல்ல."

"சொல்லட்டும். இடம் அவருது இல்ல, அவர் சொன்னது செல்லாது. ஆனா உங்களுக்கும் அது தெரியும், தெரிஞ்சுக்கிட்டே சும்மா இருந்தீங்கன்னு அவங்க நிரூபிச்சுட்டாங்கன்னா கேஸ் போச்சு. அவங்களுக்கு இருக்கற ஒரே பிடி அதுதான். உங்களுக்குத் தெரியாது இல்லையா?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவர் சொல்லவே இல்லையே."

"ஏன் சொல்லலை?"

சேமியாக்கா யோசித்தாள். "அவர் எதையும் சொல்ல மாட்டாரு. அவர் சொல்லி ஆகவேண்டியது எங்க வீட்டுல எதுவும் இல்ல."

வக்கீலம்மா தாளை எடுத்தார்.

*

தடை வந்தது. கம்பிகள் கட்டியபடியே நின்றன. நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, தூண்களை நிமிர்ந்து பார்த்து, குனிந்து பார்த்து, மருந்துக்கடைக்காரர் வாங்கிக்கொடுத்த குளிர்பானத்தைக் குடித்துவிட்டு, 'நேரில் பார்வையிடப்பட்டது' என்று எழுதிக்கொண்டு போனார். பார்வையிட்டதற்கு மேல் அவர் எதுவும் செய்ததாகத் தகவல் இல்லை. ஆனால் கோர்ட்டு அனுப்பிய சர்வேயர் அந்த ரகம் இல்லை. பழைய எல்லைக் கல்லை மண்ணுக்குள் தோண்டி எடுத்து, நாடாவைப் பிடித்து, "ஒன்றரை இல்லம்மா, ஒண்ணே முக்கால்" என்றார். "குறைச்சுச் சொல்லியிருக்காங்க." மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நின்று, "அப்படியா, அடடா" என்று ஆச்சரியப்பட்டார்.

மழை முடிந்து பட்டறை திறந்தது. விடிவதற்கு முன்னால் மாவு பிசைய ஆரம்பிப்பார்கள். கையில் பிடித்தால் உதிர வேண்டும், அழுத்தினால் சேர வேண்டும். அந்தப் பக்குவம் சேமியாக்காவின் உள்ளங்கைக்குத் தெரியும். மெஷின் வாயிலிருந்து இழைகள் ஈரமாக இறங்க, மகள் கம்பை நீட்டி வாங்கி, ஒரு சுழற்றுச் சுழற்றி வெட்டுவாள். முற்றத்துக்குக் கொண்டுபோனால் வெள்ளைத் திரை திரையாகத் தொங்கும். இப்போது காற்று அடித்தால் அந்தப் பக்கத்து மணலும் சிமெண்ட் தூளும் கிளம்பி வந்து ஈர இழையில் ஒட்டிக்கொண்டன. தூண்களின் நிழல் கம்புகளின் மேல் நாலு பட்டையாக விழுந்தது. நிழல் விழுந்த இடத்து இழை வளைந்தது, வெயில் விழுந்த இடத்து இழை ஒடிந்தது. ஒரு கம்பில் பாதி காய்ந்து பாதி ஈரமாக இருந்தால் யாருக்கு விற்பது?

தெரு மருந்துக்கடைக்காரர் பக்கம்தான் இருந்தது. எதிர்வீட்டுக்காரி வந்து, "என்னக்கா, ஒன்றரை அடிக்குப் போய்க் கோர்ட்டு வாசல் மிதிக்கணுமா? நல்ல மனுஷன் அவரு" என்றாள்.

"உன் கட்டில்ல ஒன்றரை அடி விட்டுக் குடு. நான் வந்து படுத்துக்கறேன்" என்றாள் சேமியாக்கா, இழையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்த நல்ல மனுஷனிடம் மாப்பிள்ளை தினமும் போய்க்கொண்டுதான் இருந்தார். தடை வந்தாலென்ன, முழங்கால் வலி நிற்கிறதா? கடையில் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். 'வாங்க சார்', 'உக்காருங்க சார்', 'மழை வரும்போல இருக்கே, நீங்க என்ன நினைக்கிறீங்க சார்?' மழை வருமா என்று அவரைக் கேட்கிற ஒரே மனிதர் உலகத்தில் அந்த மருந்துக்கடைக்காரர்தான்.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே மாப்பிள்ளை சொன்னார். "என்னைக் கோர்ட்டுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"யாரு?"

"சாரோட வக்கீல். சாட்சி சொல்லணுமாம்." முகத்தில் ஒரு மினுமினுப்பு. "நான்தான் முக்கியமான சாட்சியாம்."

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னன்னு சாட்சி சொல்லப் போறீங்க?"

"நடந்ததைத்தான். சார் கேட்டாரு, நான் சரின்னேன், அம்மாகிட்ட போன்ல சொன்னேன்."

"எங்கிட்ட சொன்னீங்களா?" என்றாள் சேமியாக்கா. குரல் இறங்கியிருந்தது.

"சொன்ன மாதிரிதான் இருக்கு."

"எப்ப?"

"அது..." அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டார். "சார் திரும்பத் திரும்பக் கேட்டாரு. 'சொல்லியிருப்பீங்களே சார், வீட்டம்மாகிட்ட சொல்லாமலா இருந்திருப்பீங்க'ன்னாரு. யோசிச்சுப் பாத்தா, அதானே, சொல்லாமலா இருந்திருப்பேன்னு எனக்கே தோணிடுச்சு."

சேமியாக்கா அவரைப் பார்த்தாள். அந்த மனுஷன் பொய்கூடச் சொந்தமாகச் சொல்லவில்லை. வேறொருவர் பிசைந்து பிழிந்து கொடுத்ததைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கிறார்.

"சோறு இன்னும் வேணுமா?" என்றாள்.

"கொஞ்சம் போடு."

போட்டாள். இத்தனை வருஷமாக அவரிடம் அவள் கேட்டுவந்த ஒரே கேள்வி அது.

*

"அவரைக் கூண்டுல ஏத்தறாங்கன்னா நல்லதுதான்" என்றார் வக்கீலம்மா. "குறுக்கு விசாரணை என் கையில. அந்த வீட்டுல அவர் பேச்சுக்கு ஒரு மதிப்பும் கிடையாதுன்னு அவர் வாயாலயே வரவழைக்கணும். எனக்குச் சில விவரம் வேணும். இத்தனை வருஷத்துல வீட்டுல, பட்டறையில, அவரைக் கேக்காம நீங்க செஞ்சது என்னென்ன?"

"கேட்டுச் செஞ்சது என்னன்னு கேளுங்க. சீக்கிரம் முடியும்" என்றாள் சேமியாக்கா.

வக்கீலம்மா சிரித்தார். சேமியாக்கா சொல்ல ஆரம்பித்தாள். புது மெஷின் வாங்கியது. கூரை மாற்றியது. மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தது, எந்தக் கல்லூரி என்று முடிவு செய்தது. மகளுக்கு வந்த சம்பந்தத்தை வேண்டாம் என்று திருப்பி அனுப்பியது. பேசப் பேசச் சரளமாக வந்தது. இத்தனை வருஷமும் மனசுக்குள் அடுக்கி அடுக்கி வைத்திருந்தது. வக்கீலம்மாவின் பேனா ஓடியது. ஒரு சுகமாகக்கூட இருந்தது அவளுக்கு.

படியிறங்கும்போது மகள் கேட்டாள். "அம்மா, அந்தச் சம்பந்தத்தைப் பத்தி அப்பாகிட்ட நீ சொல்லவே இல்லையா?"

"சொல்லி?"

"சொல்லி ஒண்ணுமில்ல. அப்பாவுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சுன்னு இத்தனை நாளா நினைச்சேன். ஏன் ஒரு வார்த்தை பேசலைன்னு அவர் மேல கோபமா இருந்தேன்."

சேமியாக்கா ஆட்டோவுக்குக் கைகாட்டினாள்.

*

கோர்ட்டு ஹால் பழைய காகித வாடையும் வியர்வையுமாக இருந்தது. மேலே மின்விசிறி சுற்றுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியாத வேகத்தில் சுற்றியது. மாப்பிள்ளை மருந்துக்கடைக்காரரின் வண்டியில், முன்சீட்டில் வந்து இறங்கினார். சட்டையை அவரே இஸ்திரி போட்டிருந்தார். முதுகில் ஒரு மடிப்பு கிடந்தது. மருந்துக்கடைக்காரரின் வக்கீல் கேட்டதற்கெல்லாம் சொல்லிக்கொடுத்தபடி சொன்னார். சார் கேட்டார், சரி என்றேன், மனைவியிடம் போனில் சொன்னேன், அவள் மறுக்கவில்லை. சொல்லி முடித்ததும் மருந்துக்கடைக்காரரைப் பார்த்தார். அவர் லேசாகத் தலையசைத்தார், மாத்திரையைச் சரியாக முழுங்கிய பிள்ளையைப் பார்ப்பதுபோல.

வக்கீலம்மா எழுந்தார். குரலில் ஒரு கடுமையும் இல்லை.

"அந்த வீடு யார் பேர்ல இருக்கு?"

"அவ பேர்ல."

"பட்டறை?"

"அவ பேர்லதான்."

"புது மெஷின் வாங்கினாங்களே, உங்களைக் கேட்டாங்களா?"

"இல்லைங்க. வந்து இறங்கின பிறகு பாத்தேன்."

"கூரை மாத்தினப்ப?"

"ஆளுங்க ஏறினதும் தெரிஞ்சுது."

ஹாலில் யாரோ சிரித்தார்கள். மாப்பிள்ளையும் கூடச் சேர்ந்து சிரித்தார். அதைப் பார்க்க சேமியாக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"மகளை எந்தக் கல்லூரியில சேர்க்கறதுன்னு?"

"அவங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கிட்டாங்க."

"மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்து, வேணாம்னு அனுப்பினாங்களே. அது உங்களைக் கேட்டுத்தானே?"

மாப்பிள்ளையின் சிரிப்பு நின்றது. "சம்பந்தம் வந்துச்சா?" என்றார். வக்கீலம்மாவைக் கேட்கவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த மகளைப் பார்த்துக் கேட்டார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"சாட்சி கேள்விக்குப் பதில் சொல்லணும்" என்றார் நீதிபதி.

"இல்லைங்க. என்னைக் கேக்கலை."

"அப்ப அந்த வீட்டுல உங்க பேச்சுக்கு மதிப்பு உண்டா, இல்லையா?"

"இல்லைங்க."

இதைத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. வந்துவிட்டது. வக்கீலம்மா ஒரு நிமிஷம் தாளைப் பார்ப்பதுபோல நின்றார். அந்த ஒரு நிமிஷம் சேமியாக்காவுக்கு நீளமாக இருந்தது. இதே வார்த்தையை அவள் மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். அவர் வாயிலிருந்து, முன்பின் தெரியாதவர்கள் நடுவில், 'ங்க' போட்டுக் கேட்டபோது வேறு ஏதோபோல இருந்தது.

"மதிப்பே இல்லாத வீட்டுல, பக்கத்து வீட்டுக்காரருக்கு இடத்தை எடுத்துக்கங்கன்னு எப்படிச் சொன்னீங்க?"

"அவர் கேட்டாருங்க."

"கேட்டா?"

"கேட்டாருங்க" என்றார் மறுபடியும். "வீட்டுக்கு வந்து, நின்னு, 'சார், உங்க அபிப்பிராயம் என்ன'ன்னு கேட்டாரு. எங்கிட்ட அப்படி யாரும் கேட்டதில்ல. வேணாம்னு சொன்னா அடுத்த தடவை கேக்க மாட்டாரேன்னு சரின்னேன்."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"மனைவிகிட்ட போன்ல சொன்னீங்களா? யோசிச்சுச் சொல்லுங்க."

மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளை அவரைப் பார்த்தார். அப்புறம் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் எதையோ தேடுவதுபோலப் பார்த்தார்.

"சொல்லலைங்க."

"முன்னாடி சொன்னேன்னீங்களே?"

"அது சார் சொன்னது. நான் சொல்லலை. சொல்லியிருந்தா அவ வேணாம்னுடுவா. அது எனக்குத் தெரியும். அதனாலதான் சொல்லலை."

மருந்துக்கடைக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை. வக்கீலம்மா, "வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வந்தபோது வெயில் சுட்டது. மருந்துக்கடைக்காரர் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினார். முன்சீட்டுப் பக்கம் போய் நின்ற மாப்பிள்ளையைப் பார்த்துக் கண்ணாடியை இறக்கி, "நீ மனுஷனாய்யா?" என்றார். இத்தனை வருஷப் பழக்கத்தில் முதல் 'நீ'. வண்டி போய்விட்டது.

"ஆட்டோல வாங்கப்பா" என்றாள் மகள்.

"நீங்க போங்க. நான் நடந்து வர்றேன்."

"முழங்கால் வலிக்கும்" என்றாள் சேமியாக்கா.

"வலிக்கட்டும்."

*

தீர்ப்பு வந்தது. தூண்களை எடுக்க வேண்டும், இடித்த சுவரை மருந்துக்கடைக்காரர் தன் செலவிலேயே திரும்பக் கட்டித்தர வேண்டும். அவர் மேல்கோர்ட்டுக்குப் போகப்போவதாகக் கொஞ்ச நாள் கடையில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார். போகவில்லை. மாடிப்படியைக் கட்டடத்துக்குள்ளேயே வளைத்து வைத்துக்கொண்டார். இடம் பத்தாது என்று சொன்னதெல்லாம் பத்தியது. தெருவும் தன் பங்குக்கு, 'நான் அப்பவே சொன்னேன்' என்று சேமியாக்காவிடம் வந்து சொன்னது. யார் எப்போது சொன்னார்கள் என்று அவள் கேட்கவில்லை. அவ்வளவு மரியாதை அவர்களுக்குத் தேவையில்லை என்று நினைத்தாள்.

தூண்களை உடைத்த வாரம் பட்டறையை மூடிவைத்தார்கள். சம்மட்டி அடி வீட்டுச் சுவரெல்லாம் அதிர்ந்தது. மாப்பிள்ளை வெளியே எங்கும் போகவில்லை. மாத்திரை வாங்கவும் போகவில்லை. மகள் வேறு கடையிலிருந்து வாங்கிவந்து மேசைமேல் வைத்தாள். அவளிடம் ஒருநாள், "அந்தப் பையன் என்ன வேலை பாத்தான்?" என்று மட்டும் கேட்டார். அவள் சொன்னாள். "ம்" என்றார்.

சுவர் கட்ட மேஸ்திரி வந்து, செங்கல்லை இறக்கிவிட்டு, நூலைப் பிடித்துக்கொண்டு நின்றான். "எவ்வளவு உயரம் வேணும்கா? பழைய சுவர் நெஞ்சளவுதான் இருந்துச்சு."

சேமியாக்கா வாயைத் திறந்தாள். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பிப் பார்த்து, வாசல்படியில் உட்கார்ந்திருந்தவரிடம், "என்ன உயரம் வைக்கலாம்?" என்றாள்.

மாப்பிள்ளை தன் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. எழுந்து வந்தார். நூலுக்குப் பக்கத்தில் நின்று, கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார், தோளில் வைத்துப் பார்த்தார். மேஸ்திரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது.

"கழுத்தளவு போதும்" என்றார் கடைசியில்.

"ஏன்?"

"அதுக்கு மேல போனா அந்தப் பக்கம் தெரியாது."

அவளுக்குச் சுருக்கென்று பழைய ஏளனம் மேலேறியது. இவ்வளவு பட்டும் இந்த மனுஷனுக்கு அந்தப் பக்கம் தெரிய வேண்டுமாம். "அந்தப் பக்கம் உங்களுக்கு என்ன வச்சிருக்கு பாக்கறதுக்கு?" என்றாள். மேஸ்திரியிடம், "தலைக்கு மேல ஒரு முழம் போங்க. அந்தப் பக்கத்துத் தூசி இங்க வரக்கூடாது" என்றாள்.

மேஸ்திரி நூலைக் கட்டினான். மாப்பிள்ளை நகரவில்லை.

"நான் கழுத்தளவுன்னேன்" என்றார்.

ஒரு தடவை சொன்னதை அவர் மறுபடி சொல்லி அவள் காதில் விழுந்ததே இல்லை. "கேட்டாச்சு" என்றாள்.

"கேட்டே. ஆனா நீ முடிவு பண்ணிட்டுக் கேட்டே."

அவள் பட்டறைக்குள் போய் மெஷினைப் போட்டாள். ஒரு வாரமாக ஓடாத மெஷின், கரகரவென்று இழுத்தது. அந்தச் சத்தத்துக்கு மேலாகவும் வெளியே அவர் குரல் கேட்டது. ஒரு வரிசை செங்கல் வைத்து முடிந்தால், "கழுத்தளவு" என்பார். மேஸ்திரி அடுத்த செங்கல்லை எடுப்பான். அடுத்த வரிசைக்கும் அதையேதான் சொன்னார். மகள் கம்பைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மத்தியானம் சுவர் அவர் கழுத்தைத் தாண்டியது. அதோடு குரல் நின்றுவிட்டது. கோபித்துக்கொண்டு எங்காவது போய்விட்டாரோ என்று சேமியாக்கா வெளியே வந்து பார்த்தாள். போகவில்லை. ஈரச் சுவரின் முன்னால், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதை மேலும் கீழுமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாப்பிட வாங்க" என்றாள்.

"இரு. வர்றேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

அவள் உள்ளே போய்ச் சோற்றைப் போட்டு, தட்டை மூடிவைத்துவிட்டு, அவர் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.